பல்லன் திரும்பிப் போகும்வரை

நிறஞ்சலா விடிந்ததும் முதல் வேலையாகக் கணவனின் குதிகால் இரண்டையும் திருப்பிப் பார்ப்பாள். பிறகு பிட்டம், முழங்கை, கடைசியாக இடது உள்ளங்கை. சிவந்திருக்கிறதா, தோல் உரிந்திருக்கிறதா, கொப்புளம் கண்டிருக்கிறதா. உணர்ச்சி செத்த இடத்துக்கு அடுத்தவரின் கண்தான் காவல் என்று ஆஸ்பத்திரியில் ஒரு தாதி சொன்னாள். அதை அவள் இரண்டு வருடமாக ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

"மீன் வாங்க வந்தவள் மாதிரிப் புரட்டிப் புரட்டிப் பாக்கிறாய். செவுளையும் ஒருக்காப் பாத்திட்டுப் போவன்" என்பான் கொன்ஸ்ரன்ரைன்.

"பழசாப் போச்சு. சும்மா தந்தாலும் வேண்டாம்" என்று அவள் போர்வையை இழுத்து மூடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை உடம்பில் ஒரு குறையும் இல்லை. குறை கட்டிலுக்குக் கீழே இருந்தது. கூட்டும்போது தும்புத்தடி ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் தட்டியது. இழுத்துத் திறந்தாள். அவன் கடலுக்கடியில் போடுகிற முகக்கண்ணாடி இரண்டு வருடத் தூசியோடு கிடக்கவேண்டிய பெட்டி அது. கண்ணாடி கழுவித் துடைத்திருந்தது. ஓரத்தில் பற்பசையின் வெள்ளை ஒட்டியிருந்தது. தண்ணீருக்குள் கண்ணாடி பனிக்காமல் இருக்க, இறங்குவதற்கு முந்திய நாட்களில் சுழியோடிகள் செய்கிற வேலை. சும்மா கிடக்கிற சாமானுக்கு யாரும் பற்பசை தேய்ப்பதில்லை.

பெட்டியை மூடி இருந்த இடத்துக்கே தள்ளினாள். வருகிற திங்கட்கிழமை கடலட்டைச் சீசன் தொடங்குகிறது. இன்னொரு முறை ஆழத்துக்குப் போனால் காலோடு நிற்காது, மூச்சு விடுகிற நரம்பையும் பிடிக்கும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவள் விரலை மடக்கிப் பார்த்தாள். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. ஆறு நாள்.

கொன்ஸ்ரன்ரைன் கடற்கரைக் கிராமமான ஓலைத்தொடுவாயில் பிறந்தவன். பதினேழு வயதில் முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி இறங்கினான். முப்பத்தாறு வயது வரைக்கும் சங்கும் கடலட்டையும் பொறுக்குவதுதான் தொழில். கரையில் நடக்கும்போது தோள் கூனி, எதிலாவது இடித்துக்கொள்ளுவான். தண்ணீருக்குள் அவனைப் பார்த்தவர்கள் வேறு ஆள் என்பார்கள். நிறஞ்சலா பார்த்ததில்லை. அவள் பார்த்ததெல்லாம் மாலையில் அவன் முகத்தில் இருக்கும் வளையத்தைத்தான். முகக்கண்ணாடியின் இறப்பர் கண்ணையும் மூக்கையும் சுற்றி அழுத்திய சிவந்த தடம். இரவுச் சாப்பாடு முடிந்த பிறகும் அழியாது.

அவன் இறங்கிய வள்ளத்தின் சொந்தக்காரர் அருளப்புச் சம்மாட்டி. சம்மாட்டிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கயிறு கட்டாமல் அவர் வள்ளத்திலிருந்து யாரும் இறங்கக்கூடாது. சுழியோடியின் இடது மணிக்கட்டில் மெல்லிய நைலோன் கயிறு. மறுமுனை மேலே இருப்பவனின் கையில். மேலே இருந்து ஒரு இழுவை வந்தால் 'இருக்கிறியா?' என்று அர்த்தம். இருக்கிறவன் ஒரு இழுவையால் பதில் சொல்லவேண்டும். இரண்டு என்றால் பை நிரம்பிவிட்டது. மூன்று என்றால் மேலே வா. "அருளப்பர் ஆடு மேய்க்கப் போறார்" என்று மற்ற வள்ளக்காரர் சிரிப்பார்கள். அவர் காதில் போடுவதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு நாளில் மூன்றாவது இறக்கம். பன்னிரண்டு பாகம், எழுபது அடி ஆழம். கொன்ஸ்ரன்ரைன் தலை நிமிர்ந்தபோது வெளிச்சத்துக்கும் அவனுக்கும் நடுவே ஒரு கொம்பன் சுறா வட்டம் போட்டது. பத்தொன்பது வருடத்தில் சுறாவைக் காணாதவன் அல்ல. ஆனால் அன்று களைத்துப்போயிருந்தான். கயிற்றை இழுக்கவும் இல்லை, வழியில் நிற்கவும் இல்லை. ஒரே மூச்சில் மேலே வந்தான். ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த காற்று மெல்ல வெளியேற, ஏறும் வழியில் நின்று நின்று வரவேண்டும். அது அவனுக்கு ஆனா ஆவன்னா.

வள்ளத்தில் ஏறிச் சிரித்தான். பாலில்லாத பிளேன்ரீ குடித்தான். பத்து நிமிடத்தில் கால்களில் எறும்பு ஊர்ந்தது.

இதற்குக் கடற்கரையில் ஒரு கைவைத்தியம் இருக்கிறது. வந்த ஆழத்துக்கே திரும்பப் போய் அரை மணித்தியாலம் இருந்தால் எல்லாம் அடங்கிவிடுமாம். மிச்சமிருந்த அரைச் சிலிண்டரைக் கட்டி அவனைத் திரும்ப இறக்கினார்கள். இரண்டாம் முறை அவனைத் தூக்கித்தான் எடுக்கவேண்டியிருந்தது. கரைக்கு வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து உடம்பில் மிஞ்சிய காற்றை வெளியேற்றும் அழுத்த அறை உள்ள தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது நேரம் கடந்திருந்தது. கால்களில் பாதிப் பலம்தான் திரும்பியது. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முற்றம் வரை போவான். இடது கை அசையும். ஆனால் சூடு, குளிர், குத்து எதுவும் அதற்குத் தெரியாது.

அந்தக் கைவைத்தியத்தில் அவனுக்கு இன்னும் நம்பிக்கை போகவில்லை. "அண்டைக்குக் காத்து முடிஞ்சதால வந்த வினை. இன்னும் பதினைஞ்சு நிமிசம் கீழ இருந்திருந்தால் நடந்து வந்திருப்பன்" என்பான். "கரையிலதான் என்ர கால் பாரம். தண்ணிக்குள்ள எனக்கொரு பாரமும் இல்ல."

தொலைக்காட்சியில் மாட்டி விளையாடுகிற விளையாட்டுப் பெட்டி ஒன்று இத்தாலியில் இருந்து வந்திருந்தது. முருங்கனில் இருந்து மாதம் இருமுறை வருகிற பிசியோதெரபி மிஸ் லக்சிகா, இடது கை விரல்களுக்கு ஓயாமல் வேலை கொடுக்கச் சொன்னாள். பந்து பிசையச் சொன்னால் அவன் பந்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினான். நிறஞ்சலாவின் தம்பி மில்ரன் இதைக் கேட்டுவிட்டு, தான் விளையாடி முடித்த பெட்டியைச் சாமானோடு சாமானாக அனுப்பினான்.

அதில் ஒரு விளையாட்டு, மூன்று பாகம். சுழியோடிகள் காலில் மாட்டுகிற தவளைக்கால் போட்ட ஒரு குட்டி மனுசன் பாறைக்குப் பாறை தாவிப் போகவேண்டும். சில கட்டங்கள் நிலத்தில், சில கட்டங்கள் கடலுக்கடியில். கடல் கட்டங்களில் நீல நிறத்தில் ஒன்று வரும். சுறா மாதிரி. வாய்க்கு வெளியே பல், கண் சிவப்பு. அதற்குக் கொன்ஸ்ரன்ரைன் வைத்த பெயர் பல்லன்.

"உது சுறாவே இல்ல" என்றான் முதல் நாளே. "செவுள் ரெண்டுதான் கீறியிருக்கிறான். சுறாவுக்கு அஞ்சு. வாலும் பிழை. கீறினவன் கடலைக் கண்டிருக்கவே மாட்டான்."

"பிழையான வாலை வைச்சுக்கொண்டு உங்களை எத்தினை தரம் திண்டிட்டுது?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"இருபது."

முதற்பாகத்தில் பல்லன் வேலிக் கம்பி மாதிரி ஒரே கோட்டில் போய் வரும். ஆளைக் கண்டாலும் கவலையில்லை. இரண்டாம் பாகத்தில் கிட்டப் போனால் கண் சிவந்து பாயும். இரண்டையும் அவன் மூன்று மாதத்தில் கடந்தான். மூன்றாம் பாகத்தில் ஒரு கிணறு. அடியிலிருந்து மேலே வெளிச்சத்துக்கு ஏறவேண்டும். பல்லன் கீழே படுத்திருக்கும். ஏறத் தொடங்கியதும் பின்னால் வரும். அங்கே ஐந்து வாரமாக மாட்டிக்கொண்டு நின்றான்.

மில்ரன் தொலைபேசியில் வழி சொன்னான். "அத்தான், நிக்காமல் மேல போங்கோ. ஒரே இழுவை. எல்லாரும் அப்பிடித்தான் போறது."

"நிக்காமல் போனதாலதான் இஞ்ச இருந்து உன்னோட கதைச்சுக்கொண்டிருக்கிறன்" என்றான் கொன்ஸ்ரன்ரைன்.



உண்மையில் அவனால் ஒரே இழுவையில் போகவும் முடியவில்லை. ஆளை நகர்த்துகிற ரிமோட்டின் குமிழ் இடது பெருவிரலுக்கு. விரல் குமிழில் இருக்கிறதா, வழுக்கிவிட்டதா என்று அவனுக்குத் தெரியாது. குனிந்து பார்த்து வைக்கவேண்டும். குனிகிற நேரத்தில் பல்லன் வந்துவிடும்.

சனிக்கிழமை பின்னேரம் அருளப்புச் சம்மாட்டி வந்தார். வாசல் படலையில் நின்ற கழுதையை அதட்டி விலக்கிவிட்டு, கதிரையை முற்றத்துக்கு இழுத்து உட்கார்ந்தார்.

"கொன்சி, திங்கள் வள்ளம் இறக்கிறன். மேல இருந்து கயிறு பிடிக்க ஒரு அனுபவக்காரன் வேணும். வாறியா?"

"கயிறு பிடிக்க மட்டும்தானே அண்ணை?" என்று நிறஞ்சலா இடைமறித்தாள்.

"பின்ன? நான் என்ன விசரனே, இவனை இறக்க?" என்றார் அருளப்பு. சொல்லும்போது அவர் கண் அவளுடைய முகத்தில் நிற்கவில்லை. தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தது. அவருடைய புதுச் சுழியோடிகள் இருவரும் ஆழத்துக்குப் பயந்தவர்கள் என்று கரை முழுக்கத் தெரியும்.

"தூக்கி ஏத்த ரெண்டு பேர் இருக்கிறாங்களோ, சம்மாட்டி?" என்று கொன்ஸ்ரன்ரைன் கேட்டான். அவன் முகத்தில் இரண்டு வருடமாக அவள் காணாத வெளிச்சம். அதைக் கண்டதும் அவளுக்குப் பயம் இரண்டு மடங்கானது. கயிறு பிடிக்கப் போகிறவனுக்கு இவ்வளவு வெளிச்சம் வராது.

அவர் போன பிறகு அவன் பெட்டியைப் போட்டு விளையாட உட்கார்ந்தான். அவள் மீன் வெட்டிக்கொண்டு, கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தாள். கிணறு வந்தது. குட்டி மனுசன் ஏறினான். விரல் வழுக்கியது போலும், ஆள் பக்கச் சுவரில் இருந்த ஒரு வெடிப்புக்குள் போய் நின்றான். கொன்ஸ்ரன்ரைன் "சரி, தின்" என்று ரிமோட்டை மடியில் போட்டான்.

பல்லன் தின்னவில்லை. வெடிப்புக்கு முன்னால் வந்து மிதந்தது. சிவந்த கண் அணைந்தது. பிறகு மெல்லத் திரும்பிக் கீழே போனது.

அவன் நிமிர்ந்தான். அடுத்த வெடிப்பு வரை ஏறினான். நின்றான். வாய்க்குள் எண்ணினான். பல்லன் வந்தது, மிதந்தது, பதினொன்றில் திரும்பியது. மூன்றாவது வெடிப்பு. நான்காவது. ஒவ்வொன்றிலும் குனிந்து விரலைப் பார்த்து வைத்து, எண்ணி, ஏறினான். மீன் வெட்டுகிற கத்தியை அவள் கீழே வைத்துவிட்டாள். ஐந்தாவது வெடிப்பில் அவன் பதினொன்றைத் தாண்டி இருபது வரை எண்ணினான். பிறகு குட்டி மனுசனின் தலை வெளிச்சத்துக்குள் போனது. மணி அடித்தது. பூக்கள் கொட்டின.

கொன்ஸ்ரன்ரைன் சிரிக்கவில்லை. நெற்றி வியர்த்திருந்தது.

"அண்டைக்கும் முருகைக்கல்லுப் பாறையோட முதுகை ஒட்டிக்கொண்டு கொஞ்சம் நிண்டிருந்தால், அந்தச் சுறாவும் போயிருக்கும்" என்றான். "எனக்கு இப்ப எப்பிடி எண்டு தெரியும், நிறஞ்சி. நான் பயந்தது ஒருக்காத்தான். திங்கள் இறங்குறன்."

சொல்லிவிட்டான். ஐந்து நாளாக அவள் நெஞ்சில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. அவள் கத்தவில்லை. கத்தினால் அவன் கதவைச் சாத்திக்கொள்வான், திங்கட்கிழமை சாத்தின கதவோடு போவான். பக்கத்தில் போய் ரிமோட்டை வாங்கினாள். குமிழ் ஈரமாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரத்தம்.

அவன் இடது பெருவிரலின் தோல் ஒரு சதக்காசு அளவுக்குத் தேய்ந்து, உள்ளே சிவப்பாகச் சதை தெரிந்தது. இரத்தம் மணிக்கட்டு வரை வழிந்து காய்ந்திருந்தது.

"நோகேல்லையோ?"

அவன் விரலைப் பார்த்தான். யாரோ மேசையில் வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "சின்னக் காயம்."

"ஓம், சின்னக் காயம்தான்." உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றினாள். கழுவினாள், துணி சுற்றினாள். முடித்த பிறகு அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அழுது காரியமில்லை. அவன் நம்புகிறது டொக்டரையும் இல்லை, அவளையும் இல்லை. அவன் நம்புகிறது மணிக்கட்டில் கட்டியிருந்த சம்மாட்டியின் கயிறு ஒன்றைத்தான். அதை அவள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கேட்டாள்.

"உங்கட கயிறைக் கொண்டு வீட்ட வாங்கோ அண்ணை" என்றாள் அருளப்புவிடம்.

"என்னத்துக்குப் பிள்ளை?"

"அவர் இறங்கப் போறார். உங்களுக்கும் தெரியும். கயிறு கட்டாமல் ஆரையும் இறக்கமாட்டன் எண்டு சொல்லுற ஆள் நீங்கள். கட்டிப் பாத்திட்டு இறக்குங்கோ."

சம்மாட்டி மேல்துண்டால் கழுத்தைத் துடைத்தார். பிறகு வந்தார்.

கொன்ஸ்ரன்ரைன் கயிற்றைக் கண்டதும் விளங்கிக்கொண்டான். "என்ன, பள்ளிக்கூடச் சோதினையா? வைச்சுப் பாருங்கோவன்." மணிக்கட்டை நீட்டினான், வலது கையை.

"இடது" என்றார் அருளப்பு.

"வலதில கட்டுங்கோ. அதில நல்லாத் தெரியும்."

"வலதில கயிறு கட்டினால் எதால அட்டை பொறுக்குவாய்? உந்தச் செத்த கையாலையோ?"

இடது மணிக்கட்டில் கட்டினார். துவாய்த் துண்டால் கண்ணை மூடச் சொன்னார். கயிற்றை விட்டுக்கொண்டே போய் வேலியோர முருங்கைமரத்தடியில் நின்றார். கயிறு தொய்ந்து நிலத்தில் கிடந்தது. தண்ணீருக்குள்ளும் அது தொய்ந்துதான் கிடக்கும், மேலே முழுசாய் இழுத்தால் கீழே பாதிதான் போய்ச் சேரும்.

நிறஞ்சலா வாசற்படியில் நின்றாள். இது பிழையாய்ப் போனால் அவளிடம் வேறொன்றும் கையில் இல்லை. அவன் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் அவளே அவனை அனுப்பிவைத்ததாக முடியும்.

அருளப்பு இன்னும் இழுக்கவில்லை. கொன்ஸ்ரன்ரைனின் வலது கை வந்து கயிற்றைப் பிடித்து ஒரு இழுவை கொடுத்தது.

"இருக்கிறன்!" என்றான் துவாய்க்குள்ளிருந்து.

சம்மாட்டி கயிற்றைப் பார்த்தார். நிறஞ்சலாவைப் பார்த்தார். இப்போது ஒரு முறை இழுத்தார். மணிக்கட்டு அசைந்ததை அவள் கண்ணால் கண்டாள். அவன் அசையவில்லை. அருளப்பு மூச்சை இழுத்துக்கொண்டு மூன்று முறை இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மேலே வா. கை மடியிலிருந்து வழுக்கித் தொடைக்குப் பக்கத்தில் விழுந்தது.

"என்ன சம்மாட்டி, இழுங்கோவன். நித்திரையே?" என்றான் கொன்ஸ்ரன்ரைன்.

எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது. அருளப்பு கயிற்றைச் சுற்றிக்கொண்டே நடந்து வந்தார். கடைசிச் சுற்று அவன் மணிக்கட்டுக்கு வந்ததும் முடிச்சை அவிழ்த்தார். அவன் துவாயை விலக்கினான். இருவருடைய முகத்தையும் பார்த்தான்.

"நான் கேக்கும் முன்னமே நீ பதில் சொன்னாய்" என்றார் சம்மாட்டி. "நான் கேட்டபோது பதில் இல்லை. மேல நிக்கிறவன் நம்பியிருப்பான்ரா, நீ உயிரோட இருக்கிறாய் எண்டு."

அவன் இடது கையை மடியில் எடுத்து வைத்தான். "வலது கை நல்லாயிருக்கு" என்றான்.

"அதுக்குத்தானே வரச் சொன்னனான். மேல இரு. பிடி. நாளைக்கு அஞ்சு மணிக்கு ஆள் அனுப்புறன்." இந்த முறை அவர் கண் நிறஞ்சலாவின் முகத்தில் நின்றது.

திங்கள் விடியலில் இரண்டு பேர் அவனைக் கதிரையோடு தூக்கிப் போனார்கள். உட்காருவதற்கு ஒரு தலையணை, இரண்டு போத்தல் தண்ணீர், மூத்திரப் போத்தல், மாற்றிக் கட்ட ஒரு சாரம் எல்லாம் கட்டிக் கொடுத்தாள். வெயிலில் இரும்பைத் தொடாதேயுங்கோ, சுட்டால் தெரியாது என்று மூன்று முறை சொன்னாள். முகக்கண்ணாடியை அலுமாரியில் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகியிருந்தாள். ஆனால் வள்ளத்தில் வேறு இருவரின் கண்ணாடி இருக்கும். சிலிண்டர் இருக்கும். கீழே தண்ணீர் இருக்கும். பாரமில்லாத தண்ணீர்.

பத்து மணிக்குச் சமைத்து முடித்தாள். பதினொரு மணிக்கு அடுப்பை இரண்டாம் முறை துடைத்தாள். காற்று கடுமையாக இருந்தது. அவன் தொலைபேசியை எடுக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் விளையாட்டுப் பெட்டியைப் போட்டாள். ரிமோட்டைத் தலைகீழாகப் பிடித்து, திருப்பி, கிணற்றுக்குள் போனாள். பல்லன் எழும்பி வந்தது. அவள் வெடிப்புக்குள் போய் நின்றாள். கண் சிவப்பு. பல் வெளியே. செவுள் இரண்டு. எண்ணினாள். ஏழில் பொறுமை இழந்து அசைந்தாள், தின்றது. திரும்ப எண்ணினாள். ஒன்பதில் அசைந்தாள். இவர் எப்படித்தான் இருபது வரை நின்றார் என்று இருந்தது.

இரண்டரைக்கு வள்ளம் கரையேறியது. அவள் மணலில் செருப்பில்லாமல் போனாள். அவனைத் தூக்கி இறக்கினார்கள். சாரம் நனைந்திருந்தது. சட்டை நனைந்திருந்தது. தலைமயிரும் நனைந்திருந்தது.

"காத்துக்கு அலை அடிச்சு எல்லாரையும் குளிப்பாட்டிப் போட்டுது" என்றான்.

அவள் கிட்டப் போனாள். தாடையைப் பிடித்து முகத்தை வெயிலுக்குத் திருப்பினாள். நெற்றி. கன்னம். மூக்கின் இரு பக்கமும். மேலுதடு. விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். வெயிலில் கறுத்திருந்தது, உப்புப் பூத்திருந்தது. வளையம் இல்லை.

"ஆக்களுக்கு முன்னால என்னடி இது" என்றான் மெதுவாக.

"சும்மா இருங்கோ." அவன் வலது உள்ளங்கையை விரித்தாள். கயிறு அழுத்திய சிவந்த கோடு குறுக்கே ஓடியது. "இது நோகுதோ?"

"ஓம். நோகுது."

"நல்லது" என்று சொல்லிவிட்டு, அவள் குனிந்து அவனுடைய குதிகால்களைத் திருப்பிப் பார்த்தாள்.